முந்நூறு கிராம் அரிசி

ரொட்டிக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. தராசு என்றால் அவள்தான். சம்பளத் தாளில் வேறு ஏதோ இருக்கும், அது அந்தத் தாளோடு சரி. பதினான்கு வருடமாக அதே எஃகு மேசை, அதே மூலை. பிசைந்த மாவு தொட்டியிலிருந்து அவள் முன்னால் வந்து விழும். இடது கையால் இழுத்து, வலது கையில் இருக்கிற தகட்டால் வெட்டி, எடைத்தட்டில் போடுவாள். எடைத்தட்டு அங்கே பேருக்குத்தான் இருந்தது. நானூறு கிராம் ரொட்டிக்கு நானூற்றறுபது கிராம் மாவு வெட்ட வேண்டும், அறுபது அடுப்பில் ஆவியாகிப் போகும். அவள் வெட்டினால் அந்த நானூற்றறுபதுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே, அவ்வளவுதான். ஐந்து கிராம் பிசகினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குத்தான் அன்றைக்கு முழுக்க மனசு ஆறாது.

அந்தக் கூடத்தில் எல்லாமே எடைதான். மாவும் உப்பும் மட்டும் இல்லை. தண்ணீரும் எடை, எண்ணெயும் எடை, உடைத்து ஊற்றிய முட்டையும் எடை. குறிப்புத் தாளில் மில்லி என்று அச்சடித்திருந்தாலும் அவர்கள் கண்ணுக்கு அது கிராமாகத்தான் தெரியும். யாராவது அளவுக் குவளையைத் தேடினால் புது ஆள் என்று அர்த்தம். "குவளையில அளக்கிறதெல்லாம் வீட்டுல வெச்சுக்க" என்று அடுப்புக்காரர் ஒரு அதட்டல் போடுவார். இந்தப் பழக்கம்தான் பின்னால் தராசை ஒரு வாரம் படாத பாடு படுத்தியது.

வயது முப்பத்தாறு. ஒல்லி உடம்பு. மார்பு என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, பதினைந்து வயதில் இருந்த அளவுதான். இரட்டைப் பெண்களுக்குப் பாலூட்டிய ஒன்றரை வருடம் மட்டும் நிறைந்திருந்தது. அப்புறம் முன்னைவிட வற்றிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெண்களே சொன்ன கேலிப் பேச்சை அவள் இன்றுவரை யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. அந்த வருடமே துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்து உள்ளே வைக்கக் கற்றுக்கொண்டாள். இருபத்தோரு வருடமாக அது இல்லாமல் வாசல் தாண்டியதில்லை.

மூன்று ஜோடி வைத்திருந்தாள். தன் கையாலேயே துவைத்து, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில், தன் துண்டுக்கு அடியில் தொங்கவிடுவாள். காய்ந்ததும் அலமாரியின் கீழ்த்தட்டில் காலுறைகளுக்குப் பின்னால் போய்விடும். புருஷனுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. மற்றபடி ஈ காக்காய்க்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். மழைக்காலத்திலும் எப்படியோ காய்ந்துவிடும், வருடக்கணக்காகவும் உழைத்தன. நல்ல பஞ்சு பார்த்து வாங்கினோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கோடைதான் அவளைக் கொன்றது. அடுப்பு வாய் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அனல் முகத்தில் அடிக்கும். காலை பத்து மணிக்குள் பஞ்சு தொப்பலாகிவிடும். கழிப்பறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவாள், மதியம் இன்னொரு தடவை. மாவுத்தூளும் வேர்வையும் சேர்ந்து மார்பெல்லாம் வேர்க்குரு. அப்படி மாற்றிக்கொண்டு வரும்போதுதான் ஒருநாள் உடை மாற்றும் அறையில் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற அக்கா பக்கத்தில் நின்றாள். குனிந்து எடுத்து, தன் துண்டில் சுற்றி, தராசின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காத. எனக்கு இருக்கிறது என்னோடது இல்ல."

"எது அக்கா?"

"இதுதான்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "மூணு பிள்ளைக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லாம போச்சு. ஆபரேஷன் பண்ணி வெச்சுக்கிட்டேன். எட்டு வருஷம் ஆச்சு. யாராவது கண்டுபிடிச்சீங்களா?"

தராசுக்குத் தேநீர் புரையேறியது.

"நல்லா இருக்காக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு பக்கம் நாலாவது வருஷம் கல்லு மாதிரி இறுகிடுச்சு. திரும்பப் போய்ப் படுத்து மாத்திக்கிட்டு வந்தேன். இன்னும் சில வருஷத்துல மறுபடி மாத்த வேண்டி வரலாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா வருத்தம் இல்ல. கண்ணாடி முன்னால நின்னு சட்டை போட எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். போய்க் கேட்டுப் பாரு, கேக்கறதுல என்ன?"

அக்கா சொன்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசினார். பாதி நேரம் கேள்விதான். யார் சொல்லி வந்தீங்க? வீட்டுக்காரர் கேட்டாரா? இதைப் பண்ணிக்கிட்டா என்ன மாறும்னு நினைக்கிறீங்க? இன்னொரு குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா? அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மயக்க மருந்து, தழும்பு, உணர்ச்சி கொஞ்சம் குறையலாம், இறுகலாம், ஆயுசுக்கும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கப்புறம் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. நாலு வாரம் தள்ளி ஒரு தேதி குறித்துக்கொடுத்து, "வேணாம்னு தோணினா அன்னைக்குக் காலையில சொன்னாக்கூடப் போதும்" என்றார்.

வெளியே வந்ததும் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற பெண்.

"இது வீட்டுப்பாடம். மெல்லிசான ரெண்டு காலுறையில அரிசியைப் போட்டுக் கட்டி, உள்ள வெச்சுக்கிட்டு ஒரு வாரம் இருந்து பாருங்க. உங்களுக்கு நாங்க யோசிக்கிற அளவு முந்நூறு. வேலைக்கும் அதோட போகணும், சமைக்கணும், பஸ் ஏறணும். எந்தெந்த நேரம் அது இருக்கிறதையே மறந்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வாங்க."

"மறந்ததையா?"

"மறந்ததைத்தான். ஞாபகம் இருக்கிறதைத்தான் எல்லாரும் சொல்றாங்களே."

மறுநாளே தராசு தன் மேசையில் அரிசியை நிறுத்தாள். ஒவ்வொரு பக்கமும் முந்நூறு கிராம், ஒரு மணி கூட இல்லை, ஒரு மணி குறைவும் இல்லை. பேக்கிங் அக்கா முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்கு வந்து நின்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்தால் தன் கால் விரல் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மாவை இழுக்கும்போது முழங்கை வந்து இடித்தது. இத்தனை வருடம் கை போன பாதையில் இப்போது ஏதோ குறுக்கே நின்றது. நிரம்பிய தட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது, மார்போடு அணைத்துத் தூக்குவதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம். அரிசி நசுங்கி நறநறவென்றது. மூன்றாம் நாள் தோள்பட்டையில் பட்டை பட்டையாகச் சிவந்துவிட்டது. மாவு இரண்டு தடவை ஏழு கிராம் பிசகியது. அடுப்புக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தராசு, உடம்பு சரியில்லையா?"

"முதுகு வலி."

"குனிஞ்சு குனிஞ்சு நிக்காத. நிமிரு."

நிமிர்ந்தால் இன்னும் கனத்தது. நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. நாலு நாளில் ஒரே ஒரு வரி: "பஸ்ஸில் தூங்கிவிட்டேன், அப்போது மறந்தேன்."

வீட்டில் இரட்டைகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டபோது ஒருத்தி காதை வைத்துக் கேட்டாள். "அம்மா, உள்ள என்னமோ நொறுங்குது."

"பிஸ்கட்டா?" என்றாள் இன்னொருத்தி.

"ஒண்ணுமில்ல, போய் எழுதுங்க."

புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மனுஷன் இருபது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்வார், ஊசி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். ஆஸ்பத்திரி விஷயத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி மடிக்கும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்ட்டைத் தேவையில்லாம பிரிக்காதேன்னு எங்க மேஸ்திரி சொல்வாரு."

"நான் லிஃப்ட் இல்லைங்க."

"அதுக்குச் சொல்லலை. எனக்கு நீ இப்படியே பிடிச்சிருக்கே."

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா போதுமா? அந்த அடுப்பு முன்னால பஞ்சைக் கட்டிக்கிட்டு வேகறது நீங்களா நானா?"

அவர் கையிலிருந்த போர்வையை மூன்று தடவை மடித்துப் பிரித்தார். "பயமா இருக்குடி. மயக்க மருந்து குடுத்து நீ கண்ணு முழிக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்? அதைச் சொல்லத் தெரியாம என்னென்னமோ சொல்றேன்."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிப் போனது. பயம் என்று ஒத்துக்கொள்கிற ஆண்பிள்ளை வாய்த்தது பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் கேள்விக்கு அது பதில் இல்லை.

வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, அவருடைய அக்கா. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் புருஷனை இழந்து, தம்பி கல்யாணத்துக்கு முன்பே வந்து சேர்ந்தவள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஜிப் மாற்றுவது, கால்சட்டை உயரம் குறைப்பது என்று அக்கம்பக்கத்து வேலை செய்வாள். சமையலும் துவைப்பும் அவள் ராஜ்ஜியம். தராசு ஒரு தடவை ஆசை ஆசையாய் வீட்டுக்கு ஒரு சின்ன எடைக் கருவி வாங்கிக் கொடுத்தாள். "நிறுத்துப் போட்டுச் சமைக்க இது என்ன உன் ஃபாக்டரியா? என் கண்ணே எனக்குப் போதும்" என்று நாத்தனார் அதை உறையோடு அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டாள். அப்புறம் அதை யாரும் இறக்கித் தராசு பார்த்ததில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் தோள் எரிச்சல் தாங்காமல் தராசு அந்த இரண்டு பொட்டலங்களையும் கழற்றி, சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நோட்டு வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் தட்டு போட்டிருந்தது. பெண்கள் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு டிவி அறைக்கு ஓடிவிட்டார்கள்.

சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் காலியான இரண்டு காலுறைகள் அலசிப் பிழிந்து காயப் போட்டிருந்தன.

"அண்ணி, இங்க அரிசி இருந்துச்சே."

"வீட்டுல அரிசி தீர்ந்து போச்சு. நல்ல வேளை, நீ கட்டி வெச்சிருந்தே. பூச்சி விழக் கூடாதுன்னா? நல்லாக் கழுவித்தான் போட்டேன்." நாத்தனார் தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "அளவுகூடக் கச்சிதமா இருந்துச்சு, அஞ்சு பேருக்கு."

புருஷன் வாய்க்குப் போன கையை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். அடுத்த நொடி சோறு மூக்கில் ஏறி அப்படி ஒரு இருமல்.

"என்னடா ஆச்சு உனக்கு? அரிசியில கல்லா?"

"அக்கா, அது வந்து... அது இவளோடது."

"இவளோட அரிசி என் அரிசின்னு எப்பருந்துடா?"

தராசுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அங்கேயே நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து அரிசி வரை எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டிவிட்டாள். நாத்தனார் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"நோய் இல்ல, நொடி இல்ல. நல்லா இருக்கிற உடம்புல கத்தி வெச்சுக்கப் போறியா?"

"எனக்கு வேணும்னு தோணுது அண்ணி."

"யாரு உன்னை என்ன சொன்னாங்க? இவன் ஏதாவது சொன்னானா?"

"நான் ஒண்ணும் சொல்லலைக்கா!"

"நீ வாயை மூடு. பன்னெண்டு வருஷமா உனக்கு ஒரு குறையும் தெரியாமத்தானே பாத்துக்கிட்டேன்? அப்புறம் என்னடி இது?" குரல் உடைந்துவிட்டது. தன்னுடைய சமையலையும் வீட்டு வேலையையும் சொல்கிறாள் என்று தராசு நினைத்தாள்.

டிவி அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தை, நீங்க மட்டும் முன்பல்லு கட்டிக்கிட்டீங்களே!"

"அது கடிக்கிறதுக்குடி!"

"இல்ல அத்தை. போட்டோவுல சிரிக்கிறதுக்குன்னு அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க." இது இன்னொருத்தி.

நாத்தனாரின் கை தானாக வாய்க்குப் போனது. இரண்டு முன்பற்கள் விழுந்து பத்து வருடம் முந்தானையாலும் கையாலும் வாயை மூடிக்கொண்டே பேசினவள் அவள். பல் கட்டிக்கொண்ட அன்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காரணமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தராசுதான் அன்றைக்குக் கண் கலங்கினாள்.

மூன்று நாள் நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் மதியம் ரொட்டிக் கூடத்தின் விற்பனை வாசலில் வந்து நின்று, பேக்கிங் அக்காவை வெளியே கூப்பிட்டு, அரை மணி நேரம் பேசிவிட்டு, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனாளாம். சாயங்காலம் தராசு செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"விசாரிச்சுட்டேன். பண்ணிக்க. ஆறு வாரம் நீ ஒரு டம்ளர்கூடத் தூக்கக் கூடாது. தைக்க வந்த துணியெல்லாம் அடுத்த மாசம்தான்னு சொல்லிட்டேன். முன்பக்கம் பட்டன் வெச்சு உனக்கு நாலு சட்டை தைக்கணும், கையைத் தூக்கிப் போட முடியாதாமே."

தராசு அப்படியே நின்றாள். ஏனென்றால் அவள் வேண்டாம் என்று முடிவு பண்ணி ஒரு நாள் ஆகியிருந்தது. அந்தக் கனத்தை இனி ஒரு நாளும் சுமக்க முடியாது. எதிர்த்துச் சண்டை போட்ட ஆளே கட்சி மாறி நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக நர்ஸிடம் போனாள். நர்ஸ் அந்த ஒரே வரியைப் படித்தாள். தோளில் இருந்த தடத்தைப் பார்த்தாள். "இவ்வளவு படுத்தக் கூடாதே. முந்நூறுதானே எடுத்தீங்க? எந்தக் குவளையில அளந்தீங்க?"

"குவளையா? நிறுத்தேன்."

"நிறுத்தீங்களா?"

"முந்நூறு கிராம், சுத்தமா."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாளில் விரல் வைத்துக் காட்டினாள். முந்நூறுக்குப் பக்கத்தில் மில்லி என்று பளிச்சென்று இருந்தது. "அக்கா, இது அளவு, எடை இல்ல. குவளையால அளக்கணும். முந்நூறு கிராம் அரிசின்னா அதைவிடக் கால் பங்கு பெருசு. பலாப்பழத்தைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க!"

தராசுக்குக் காது வரை சூடேறிவிட்டது. பதினான்கு வருட வேலையில் இப்படி ஒரு பிசகா? ஆனால் உடனே இன்னொன்று தோன்றியது.

"அப்ப நீங்க உள்ள வைக்கிறது? அது என்ன கனம் இருக்கும்?"

நர்ஸ் சிரிப்பை நிறுத்தினாள். மேசை டிராயரைத் திறந்து மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். வழவழவென்று, குளிர்ச்சியாக இருந்தது. தராசு கண்ணை மூடிக்கொண்டு கையை ஒரு தடவை லேசாக ஏற்றி இறக்கினாள்.

"முந்நூறு. ரெண்டு கிராம் கூட இருக்கலாம்."

"சும்மா சொல்லாதீங்க."

"நிறுத்துப் பாருங்க."

பக்கத்து அறையில் மருந்து நிறுக்கிற கருவி இருந்தது. நர்ஸ் போய் வைத்துப் பார்த்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்தாள். முந்நூற்று ஒன்று.

"அரிசி லேசு அக்கா, இது அதைவிடக் கனம். குவளையில அளந்தவங்களுக்குப் பெருசு எவ்வளவுன்னு தெரியும், கனம் தெரியாது. நீங்க பெருசுல தப்பு பண்ணிட்டீங்க, ஆனா கனத்துல நீங்கதான் சரி." தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். "இனிமே எல்லாரையும் நிறுத்தும் பாக்கச் சொல்லப் போறேன். உங்க புண்ணியம்."

தராசுக்கு மனசு குளிர்ந்து போனது. தப்பு பண்ணிவிட்டு வந்த இடத்தில் நன்றி சொல்கிறார்களே. நர்ஸ் சின்ன அளவுகளையும் எடுத்து அடுக்கினாள். இருநூற்றைம்பது, இருநூறு, நூற்றெண்பது. நூற்றெண்பதைக் கையில் வாங்கியதும் தராசின் விரல்கள் தானாக மடிந்தன. "இது நல்ல எடை. இது கையோட இருக்கு."

"அப்ப இதை யோசிக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? அரிசியை வெச்சுப் பாத்தீங்க. அதுக்கு முன்னால பஞ்சு. ரெண்டும் இல்லாம ஒரு நாளாவது வேலைக்குப் போயிருக்கீங்களா?"

தராசு இல்லை என்று தலையாட்டிவிட்டு, கையிலிருந்ததை மேசையில் வைத்தாள்.

"தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஒரு வாரம் அப்படி இருந்து பாருங்க. அதுவும் ஒரு அளவுதானே? அதையும் பாத்துட்டு எது வேணும்னாலும் சொல்லுங்க, நாங்க செய்யறோம்."

ஆறு கிலோ கனத்தைச் சுமக்கச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. திங்கட்கிழமை காலை பஞ்சு இல்லாமல் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மறுபடி போனாள். பஸ்ஸில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கூடத்தில் ஏப்ரனை இரண்டு தடவை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. அடுப்புக்காரருக்குத் தன் அடுப்பு, பிசைகிறவனுக்குத் தன் தொட்டி.

மாவு வந்து விழுந்தது. இழுத்தாள், வெட்டினாள். முழங்கை எதிலும் இடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது பதினொன்றரை. பத்து மணிக்குக் கழிப்பறைக்குப் போகாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேர்வை இருந்தது, ஆனால் வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பின் வாய் மூடியதும் ஜன்னல் காற்று சட்டைக்குள் புகுந்து நேராக நெஞ்சில் பட்டது. இருபத்தோரு வருடமாக அந்த இடத்தில் காற்றுப் பட்டதில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றாள்.

"என்ன தராசு, முதுகு தேவலையா?"

"தேவலைங்க."

நோட்டில் எழுதினாள்: "ஏழிலிருந்து பதினொன்றரை வரை மறந்தேன்." எல்லா நாளும் அப்படி இல்லை. புதன்கிழமை கடைக் கண்ணாடியில் தன் உருவம் பக்கவாட்டில் தெரிந்தபோது பழைய பள்ளிக்கூடத்துக் குரல் அப்படியே காதில் விழுந்தது, வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதினாள். வியாழக்கிழமை இரட்டைகளில் ஒருத்தி நெஞ்சில் தலை சாய்த்து, "அம்மா, இன்னைக்கு உள்ள டிக் டிக்குனு கேக்குது" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் நோட்டு காலி. எழுதவே மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் கூடவே வந்தாள். கைப்பையில் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை ஒன்று மாதிரிக்கு. தராசு டாக்டரம்மாவிடம் நூற்றெண்பது இரண்டையும் கேட்டு வாங்கினாள். கைக்கொன்றாக வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல எடைதான், இப்போதும் பிடித்துத்தான் இருந்தது. வெட்டின மாவு சரியாக அமைந்தால், இனிச் சேர்க்கவும் வேண்டாம் கிள்ளவும் வேண்டாம் என்று கை தானாக நின்றுவிடும். அந்த நிற்றலுக்காகக் காத்திருந்தாள். பிறகு இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, வெறும் கைகளை மடியில் வைத்தாள். கை நின்றுவிட்டது.

"வேணாம் டாக்டரம்மா."

"யாராவது வேணாம்னாங்களா?"

"இல்ல, எல்லாரும் சரின்னுட்டாங்க. அதனாலதான் நிம்மதியா யோசிக்க முடிஞ்சுது. எனக்கு வேண்டியிருந்தது பஞ்சு இல்லாத ஒரு நாள். இதை வெச்சாத்தான் அது கிடைக்கும்னு நினைச்சேன். இப்பவே கிடைச்சுடுச்சு."

"நாளைக்கு மனசு மாறினாலும் வாங்க. ரெண்டும் சரிதான்."

வாசலில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று தனித்தனியாகச் சொல்லத் தெரியவில்லை. "நீங்க கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி, அதுக்கு" என்றாள். நர்ஸ் கன்னத்தில் குழி விழச் சிரித்தாள்.

பஸ்ஸில் நாத்தனார் பொரிந்து தள்ளினாள். "எனக்குப் புரியவே இல்லடி. சண்டை போட்டு, அழுது, விசாரிச்சு, இப்பத்தான் மனசைத் தேத்திக்கிட்டு சரின்னு வந்தேன். இப்ப வேணாங்கறே! இந்தப் பட்டன் சட்டையெல்லாம் யாரு போடறது?"

"நானே போட்டுக்கறேன் அண்ணி. கோடைக்கு நல்லா இருக்கும்."

"ம்." இரண்டு நிறுத்தம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் திரும்பாமலேயே கேட்டாள். "அப்ப இனிமே நான் பஞ்சு மாத்த வேண்டியதில்ல?"

"எந்தப் பஞ்சு?"

"எந்தப் பஞ்சாம். மழைக்காலத்துல ஈரத் துண்டுக்கு அடியில போட்டா எதுடி காயும்? நீ வேலைக்குப் போனதும் எடுத்து, தலையணை உறைக்குள்ள போட்டு, இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டி, திரும்ப அதே ஆணியில மாட்டுவேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பஞ்சு கட்டி தட்டிப்போகும். பிரிச்சுப் புதுசு வெச்சு, உன் தையல் மாதிரியே கோணல் மாணலாத் தெச்சு வைப்பேன். நேராத் தெச்சா நீ கண்டுபிடிச்சுடுவியே."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு வருஷமாவா? ஏன் அண்ணி சொல்லலை?"

"நீ சொல்லலையே. உனக்குத் தெரிய வேணாம்னு இருந்துச்சு, எனக்கும் தெரிய வேணாம்னு வெச்சுக்கிட்டேன்."

"புதுப் பஞ்சு வெச்சா எடை மாறியிருக்குமே. ஒரு தடவைகூட எனக்குத் தெரியலையே."

"எப்படித் தெரியும்?" நாத்தனார் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். கட்டின பல் தெரியச் சிரித்தாள். "உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? அலமாரி உச்சியில வெச்சேனே, நீ வாங்கிக் குடுத்த தராசு. அதை இறக்கி, பழசு எவ்வளவோ அவ்வளவே நிறுத்துத்தான் வெச்சேன். ஒண்ணுக்குப் பதினெட்டு கிராம்."

தராசு அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போய்விட்டது. இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்கள்.